மூணாம் நம்பர் சாயபுவின் மோட்டார்

கண்ணை மூடிக்கொள்கிறார். தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்க்கிறார். உள்ளங்கையைத் தோலின் மேல் வைத்துக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓட்டுகிறார். வழியில் எங்கோ ஓர் இடத்தில் கை நின்றுவிடுகிறது. கண் திறக்கிறது. “மூணாம் நம்பர்” என்கிறார். தோல் பறந்துபோய் மூன்றாவது குவியலில் விழுகிறது. கொண்டுவந்த ஆள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த தோலை விரித்தாகிவிட்டது.

ஆம்பூர்த் தோல் மண்டியில் தரம் பிரிக்கும் கலீமுல்லா சாயபுவை அந்தப் பெயர் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. மூணாம் நம்பர் சாயபு என்று கேட்டால் ரயில்வே கேட்டிலிருந்தே வழி சொல்வார்கள். கிராமங்களிலிருந்து உப்புப் போட்ட தோலை மூட்டை கட்டிக் கொண்டுவருகிறவர்களுக்கு அவர்தான் எமன், அவர்தான் சித்திரகுப்தன். முதல் நம்பர் என்றால் நல்ல விலை. ரெண்டாம் நம்பர் என்றால் சுமாரான விலை. மூணாம் நம்பர் என்றால் வண்டிக் கூலி போக மிச்சமிருப்பதை வைத்துத் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. சரக்கு விஷயமாகப் பேசும் சாக்கில் தினம் ஒரு தடவை மண்டிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவேன். காசு கொடுத்து நாடகக் கொட்டகைக்குப் போகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள்.

அவருடைய நம்பர் தோலோடு நிற்பதில்லை. காப்பி கிளப்பில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடுவார். கிளப்காரர் முகம் வெளுத்துவிடும். என் குடை ரெண்டாம் நம்பர். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டரின் இங்கிலீஷ் மூணாம் நம்பர். அவர் மகளைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சாயபு கண்ணை மூடியதைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்ட அவர் சம்சாரம் வஹீதா, வீடே அதிரும்படி இருமினார்களாம். “ரெண்டாம் நம்பர்தான் ஐயா. போகப் போகத் தேறும்” என்று சாயபு பிற்பாடு என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற மண்டி ஜனங்கள் ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்வார்கள். சாயபுவின் கைக்கு ஆள் தெரியாது. சொந்த மச்சான் அஹமது பாஷா கொண்டுவந்த சரக்கையே மூன்றாவது குவியலில் வீசி, அந்த வருஷம் பண்டிகைக்குக்கூட மச்சான் வாசல் மிதிக்காதபடி செய்துகொண்டவர். நம்பர் விழுந்த தோலைக் கழுவி, துடைத்து, வேறு மூட்டையில் செருகி மறுபடியும் கொண்டுவந்து காட்டுகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. கை பட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். “இது ஒரு வாட்டி வந்துட்டுப் போன புள்ள. எட்த்துக்கினு போ” என்பார். ஒரு முறை போட்ட நம்பரை அவர் மாற்றியதாக யாரும் பார்த்ததில்லை.

தோலுக்கு முன்னால் இப்படிப் புலியாக இருக்கிறவர், சொந்தக்காரர்களுக்கு முன்னால் பூனை. யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழும்பாது. அவருடைய மோட்டார் கார் கதை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, தன் பழைய காரைக் கப்பலில் ஏற்றிப் போவானேன் என்று சாயபுவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். மடக்குக் கூரை வைத்த திறந்த கார். ரப்பர் உருண்டையை அமுக்கினால் வாத்து மாதிரி கத்தும். மைதானத்தில் மேய்ந்த ஆடுகளையெல்லாம் துரத்திச் சாயபு ஓட்டக் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ அவர் உறவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சாயபுவின் கார். பிரசவத்துக்குச் சாயபுவின் கார். சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் போவதும் அதிலேதான். பெட்ரோலும் அவருடையது, டிரைவரும் அவரே.

“வாரம் தவறாம எவனாச்சும் ஒரு மாப்பிள்ளைய ஏத்தி எறக்கறேன். ரொம்ப பேஜார் ஐயா. வித்துட்டா இல்லைன்னு சொல்லிடலாம்ல? இல்லாததை எப்டி குடுக்கறது?” என்றார் ஒரு நாள். இல்லை என்று சொல்ல வராதவருக்கு இதைவிட நல்ல வழி எனக்கும் தோன்றவில்லை.

வாங்க வந்தவர் வேலூர்ப் பஞ்சாட்சரம். பஸ் ஓட்டிக் கை காய்த்தவர். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும் யாத்ரீகர்களைச் சோளிங்கர் மலையடிவாரம் வரைக்கும் வாடகைக்கு ஏற்றிப்போக அவருக்கு ஒரு கார் தேவைப்பட்டது. வாடகைக்கு ஓட்டுவதென்றால் வேலூரில் மோட்டார் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டிப் பாஸ் வாங்க வேண்டும். பஞ்சாட்சரம் கறாராகச் சொல்லிவிட்டார்: “பாஸ் ஆச்சுன்னா நின்ன எடத்துலயே எடுத்துக்கிறேன் சாயபு. பாஸ் ஆவலன்னா, மலை மேல இருக்கற நரசிம்மரே எறங்கி வந்து சொன்னாலும் எனக்கு வேணாம்.”

சாயபு காரைச் சிங்காரிக்க ஆரம்பித்தார். உதிரிச் சாமான் வேண்டுமென்று சென்னைப் பட்டணத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருப்பது மற்ற ஊர்க்காரர்களின் வேலை. ஆம்பூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தோல். எனவே ஆசனங்களுக்கு ஆட்டுத் தோல். எஞ்சின் மூடியைக் கட்டும் வாரும் விசிறியைச் சுற்றும் வாரும் மாட்டுத் தோல். தேய்ந்துபோன பிரேக் பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, கொல்லரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கனமான எருமைத் தோலை வெட்டி வைத்தார். “எருமை ஒரு எடத்துல நின்னுடுச்சுன்னா யாரால அசைக்க முடியும்?” என்று என்னைக் கேட்டார். அந்தத் தர்க்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சவுரியம்மாள் சண்டை பிடித்தாள். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் சுற்றி ஆட்டுத் தோல் வாங்கி மண்டிக்குக் கொண்டுவருகிறவள் அவள். சாதாரணமாகச் சாயபுவை ‘வாங்க, போங்க’ என்பாள். தோலை விரித்துவிட்டால் அந்த ‘ங்க’ தானாகக் கழன்று விழுந்துவிடும். அன்றைக்கு அவள் பெரிதாக நம்பியிருந்த ஒரு தோல் மூன்றாவது குவியலுக்குப் பறந்தது.

“இன்னா சாயபு, கண்ணைத் தொறந்து பாரு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வழில மழை. அதான் ஒரு எடத்துல…”

“மூணாம் நம்பர்.”

“ஒரு மனுஷியை முழுசாப் பேச உடறியா நீ?”

“அடுத்த தோல்.”

சவுரியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “ஊர் தோலுக்கெல்லாம் நம்பர் போடறியே, உன் காரை வேலூருக்கு இட்டுக்கினு போறியாமே? அதுக்கு அங்க ஒருத்தன் நம்பர் போடட்டும். அப்ப தெரியும் சேதி!”

மண்டி முழுவதும் கொல்லென்று சிரித்தது. மருதாணித் தாடியோடு சாயபுவின் முகமும் சிவந்தது. “என் வண்டி முதல் நம்பர்” என்றார்.

“ஆவலன்னா?”

அறிவுள்ளவன் எவனும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். சாயபு வலது கையை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்தினார். “ஆவலன்னா இந்தக் கை இனிமே தோல் மேல படாது. அல்லா சாட்சி.”

சிரிப்பு நின்றுவிட்டது. சவுரியம்மாளுக்கே கொஞ்சம் பயம் வந்ததை நான் பார்த்தேன். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் அவள் மட்டும் எப்படிப் பின்வாங்குவாள்? “வண்டி பாஸ் ஆச்சுன்னா, நீ எந்த நம்பர் சொன்னாலும் நான் வாயைப் பொத்திக்கினு வாங்கிக்கினு போறேன். மாதா சாட்சி” என்றாள்.

ஆக, வானத்துக்கும் பூமிக்கும் சாட்சி வைத்தாகிவிட்டது. சாயபுவுக்கு வேறு தொழில் தெரியாது. படிப்பு இல்லை, நிலம் இல்லை. உள்ளங்கை ஒன்றுதான் சொத்து. சாயங்காலம் நான் அவர் வீட்டுப் பக்கம் போனபோது திரைக்குப் பின்னாலிருந்து வஹீதாவின் குரல் கேட்டது: “அந்தக் கை தோல் மேல படலைன்னா, என் பானை அடுப்பு மேல ஏறாதே! அதாச்சும் தெரியுமா இந்த மனுசருக்கு? நீங்களாச்சும் சொல்லக் கூடாதா ஐயா?” சாயபு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குள் மச்சான் அஹமது பாஷா மண்டி முதலாளிக்கு வழக்கத்தைவிட ஒரு சலாம் ஜாஸ்தியாகப் போட ஆரம்பித்திருந்தார்.

பரிசோதனை நாளன்று விடிந்ததும் புறப்பட்டோம். சாயபு ஓட்டினார். எனக்கு வேலூரில் ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. ரயிலில் போவதற்குப் பதில் இதில் தொற்றிக்கொண்டேன். சவுரியம்மாள் பின் ஆசனத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். “என் கண்ணால பார்க்கணும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கதை சொல்லுவீங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. மாதனூர் தாண்டும்போது ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. சாயபு பிரேக்கை மிதித்தார். வண்டி ஆணி அடித்ததுபோல் நின்றது. ஆனால் நிற்கும்போது அடியிலிருந்து ஒரு கதறல் எழும்பியது பாருங்கள், மாட்டுவண்டியின் மாடுகள் இரண்டும் நுகத்தடியோடு வயலில் இறங்கிவிட்டன. பள்ளிகொண்டா வரைக்கும் எத்தனை தடவை பிரேக் பிடித்தாரோ அத்தனை தடவையும் அதே கதறல். ஒவ்வொரு தடவையும் சாயபு யாரோ தன்னைக் கிள்ளியதுபோல் முகத்தைச் சுளித்தார்.

“தோல் அழுவுது ஐயா, கேட்டீங்களா? வறண்டுபோச்சு. இன்ஸ்பெக்டர் முன்னாடி இப்டி அழுதா என் மானம் இன்னா ஆவறது?”

வேலூரில் கோட்டை அகழிக்குச் சற்றுத் தள்ளி ஒரு மைதானத்தில் பரிசோதனை. எங்களுக்கு முன்னால் பஸ்கள் வரிசையாக நின்றன. பஞ்சாட்சரம் நெற்றி நிறைய விபூதியோடு வந்து சேர்ந்தார். முறை வர நேரமாகும் என்று தெரிந்ததும், “பசியாற ஏதாச்சும் வாங்கியாறேன்” என்று கடைத்தெருப் பக்கம் போய்விட்டார். மோட்டாரைப் பற்றி விவரம் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

சாயபு காரை வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, பின்னாலிருந்து புங்க எண்ணெய் டப்பாவை எடுத்தார். தோலை விற்கப் போகும்முன் எண்ணெய் காட்டிப் பதமாக்க வேண்டும் என்பது ஆம்பூரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஆசனங்களைத் துடைத்து எண்ணெய் தடவினார். வார்களுக்குத் தடவினார். பிறகு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன்.

“இன்னும் இந்தப் பக்கம் சாயுங்க ஐயா. ஐயோ பாவம், எப்டி வறண்டு கெடக்குது! குடிக்குது பாருங்க, பச்சப்புள்ள பால் குடிக்கிற மாதிரி குடிக்குது!”

“நன்றாகக் குடிக்கட்டும் சாயபு” என்றேன். எனக்குத் தெரிந்த மோட்டார் சாஸ்திரம் அவ்வளவுதான். காலால் மிதிக்கும் பிரேக்கும் குடித்தது, கையால் இழுக்கும் பிரேக்கும் குடித்தது. டப்பா காலியானதும் அவர் வெளியே வந்து, தாடியில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்குத் தலை வாரி முடித்த தாயைப் போலக் காரைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டதும், இந்தக் கொஞ்ச தூரத்துக்குப் பெட்ரோலை வீணாக்குவானேன் என்று நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அவர் முன்னால் விட்டோம். அவர் உயரமான, அதிகம் பேசாத மனிதர். ஹாரனை அமுக்கினார், அது கத்தியது. விளக்கைப் பார்த்தார், சக்கரங்களை உதைத்துப் பார்த்தார், குனிந்து எஞ்சினைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். ஆசனத்தில் கை வைத்தவர், “என்ன தோல் இது? ரொம்ப நல்லா இருக்கே” என்றார்.

சாயபு இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டார். “ஆட்டுத் தோல் சார். முதல் நம்பர். நானே பொறுக்கினது.” இதைச் சொல்லிவிட்டுச் சவுரியம்மாளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் அவளுடைய வாய் சாசுவதமாக மூடப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

பாக்கி இருந்தது பிரேக் ஒன்று. மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். வேகமாக ஓட்டிவந்து அந்தக் கோட்டில் பிரேக்கை மிதித்து நிறுத்த வேண்டும். இன்ஸ்பெக்டர் சாயபுவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பஞ்சாட்சரமும் பலகாரப் பொட்டலத்தோடு திரும்பி வந்திருந்தார். அவரும் நானும் சவுரியம்மாளும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம்.

வண்டி வந்தது. நல்ல வேகம். கோடு வந்ததும் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். சாயபு மிதித்தார். ஒரு சின்னக் கிறீச்சுகூட இல்லை. சாயபுவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ‘பார்த்தீர்களா, அழுகையை நிறுத்திவிட்டேன்’ என்கிற முகம். அந்த முகத்தோடேயே அவர் எங்களைத் தாண்டிப் போனார். வண்டி நிற்கவில்லை.

“பிரேக்! பிரேக்!” என்று பஞ்சாட்சரம் கத்தினார்.

“மிதிச்சிக்கினுதான் கீறேன்!” என்ற பதில் தூரத்திலிருந்து வந்தது.

கையால் இழுப்பதையும் இழுத்திருக்கிறார். அதிலும் அதே எருமை, அதே எண்ணெய். மைதானத்தின் ஓரத்தில் கொடி கட்டிச் சலவைத் துணி உலர்த்தியிருந்தார்கள். அதற்கப்பால் சரிவு, சரிவுக்குக் கீழே அகழித் தண்ணீர். சாயபு சமயோசிதமாகத் துணிகளுக்குள் திருப்பிவிட்டார். வேட்டிகளும் துப்பட்டிகளும் காரைச் சுற்றிக்கொண்டன. கொடிக்கம்பு இரண்டு சாய்ந்தன. கார் மெதுவாகி, ஒரு மணல்மேட்டில் ஏறி, நின்றது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது முன் ஆசனத்தில் இரண்டு வெள்ளை உருவங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. ஓர் உருவம் துணியை விலக்கியது. இன்ஸ்பெக்டர்.

யாருக்கும் காயமில்லை. துணி உலர்த்தியவர்களின் வாயிலிருந்து வந்ததை இந்தப் பத்திரிகை அச்சிடாது. இன்ஸ்பெக்டர் இறங்கியபோது அவருடைய காக்கி நிஜாரின் பின்புறம் புங்க எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. அதைச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

சாயபு பின்னாலேயே இறங்கினார். பேச்சு கொட்டியது. “சார், நேத்து வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும் சார். வழில புழுதி சார். மாட்டுவண்டி ஜாஸ்தி. அதான் ஒரு எடத்துல கொஞ்சம்…”

சவுரியம்மாள் மார்பில் தட்டிக்கொண்டாள். “ஐயோ மாதாவே! நான் சொல்றதைத்தான் சாயபு சொல்றாரு! ‘நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, வழில ஆச்சு’! எங்கிட்ட கடன் வாங்கின பேச்சு!”

சாயபுவின் வாய் அப்படியே நின்றது. இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் கையை விட்டு, விரலை வெளியே எடுத்து மோந்து பார்த்தார். “புங்க எண்ணெய். பிரேக்குக்கு எண்ணெய் போட்டது யாரு?”

நான் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சாயபு மறைக்கவில்லை. “நான்தான் சார். தோல் வறண்டு கெடந்துச்சு.”

“வறண்டு இருந்தாத்தான் சாயபு பிடிக்கும். எண்ணெய் போட்டா வழுக்கிக்கிட்டுப் போகாதா?” இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் சாயபுவை இன்னும் கொன்றது. “இன்னைக்குப் பாஸ் இல்லை.”

பஞ்சாட்சரம் முன்னால் வந்தார். காரின் எஞ்சின் அவர் மனசைப் பிடித்திருந்தது. “சார், ஒரு பேச்சு. சாம்பலையும் மண்ணெண்ணெயையும் போட்டுத் தேய்ச்சா பிரேக் புடிச்சிக்கும். சாயங்காலம் மறுபடி காட்டினா பார்ப்பீங்களா?” இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தாம் சாயங்காலம் வரைக்கும் இங்கேதான் இருக்கப் போவதாகவும், பிரேக் பிடித்தால் பாஸ் கொடுக்கத் தமக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “கேட்டீர்களா சாயபு! சாயங்காலம் பாஸ் ஆகிவிடும். ஆம்பூரில் போய்ப் பாஸ் என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை” என்றேன். சவுரியம்மாளைப் பார்த்தேன். அவளும் ஆட்சேபம் சொல்லவில்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயபு காரைப் பார்த்தார். அதன் மேல் இன்னும் யாருடைய வேட்டியோ தொங்கிக்கொண்டிருந்தது.

“வேணாம் ஐயா” என்றார். “மூணாம் நம்பர்னு போட்டதைத் தொடச்சி எட்த்துக்கினு வந்து மறுபடி காட்டினவங்களை நான் எத்தினி பேரைத் தொரத்திருக்கேன்! எனக்கு மட்டும் ஒரு நாயமா? பஞ்சாட்சரம், உனுக்கு வண்டி வேணும்னா புதுப் பட்டை போட்டு, அடுத்த தபா நீயே காட்டி எட்த்துக்கோ. நான் காட்டினது பெயில். பெயில்னா பெயில்தான்.”

இதைச் சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் இரண்டு அக்குளுக்குள் செருகிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே, சொல்லத் தெரியாத ஒரு பெருமையும் இருந்தது. பல்வலி மறந்தே போய்விட்டது.

பிரேக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பஞ்சாட்சரமே காரை ஆம்பூருக்கு ஓட்டிவர ஒப்புக்கொண்டார். ஸ்டீரிங்கைச் சுற்றி உறை தைத்திருப்பது தோல். அதைச் சாயபு தொடுவதற்கில்லை. பின் ஆசனத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவும் தோல். கை படாமல் உட்கார வேண்டும். குண்டு குழியில் வண்டி தூக்கிப் போட்டபோதெல்லாம் எதையும் பிடித்துக்கொள்ளாமல் என் மேல் வந்து சாய்ந்தார். வழியில் தொழுகைக்கு நிறுத்தச் சொன்னவர், செருப்பைக் கழற்றக் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டு, ஒரு காலால் மறு காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழற்றினார். சாதாரண நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். முன் ஆசனத்தில் சவுரியம்மாள் மடியில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் வந்தாள். பிரேக் தேய்க்கிற நேரத்தில் வேலூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்திருந்தாள்.

பள்ளிகொண்டாவுக்கு இந்தப் பக்கம் எஞ்சின் கொதித்துப் புகை விட்டது. பஞ்சாட்சரம் தகரக் குடுவையை எடுத்துக்கொண்டு பாலாற்றில் ஊற்று பார்க்கப் போனார். சாயபு இறங்கிப் புளியமரத்து வேரில் உட்கார்ந்தார். கை அக்குளை விட்டு வெளியே வரவில்லை.

சவுரியம்மாள் எதிரே போய் நின்றாள். “நான் சண்டையில சொன்னது. அதை ஏன் நீ புடிச்சிக்கினே?”

“அல்லா சாட்சின்னு சொல்லிட்டேன் சவுரி.”

“நீ போய்ட்டா உன் எடத்துக்கு யார் வருவான் தெரியுமா? உன் மச்சான் வருவான். அவன் தோலைத் தடவிப் பார்ப்பான்னு நெனைச்சியா? எவன் கோழி குடுத்தான், எவன் முட்டை குடுத்தான்னு பார்ப்பான். நான் கோழிக்கு எங்க போவேன்? நீ எனக்கு மூணாம் நம்பர் போட்டா பக்கத்துல நிக்கறவனுக்கும் மூணாம் நம்பர்தானே போட்டே. அதுக்குத்தானே நானும் பத்து மைல் சுத்திக்கினு உங்கிட்டயே வர்றேன்!” அவள் குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினாள்.

சாயபு தலையைக் குனிந்துகொண்டார். தாடி மட்டும் அசைந்தது.

சவுரியம்மாள் மூட்டையை அவிழ்த்தாள். தங்கச்சி வீட்டில் வாங்கிய ஆட்டுத் தோல் ஒன்று, உப்பு வாடையோடு. அதை உதறி அவர் மடியில் விரித்தாள். அவர் பதறி எழுந்திருக்கப் பார்த்தார். அவள் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, அக்குளிலிருந்து கையை வெளியே இழுத்து, தோலின் கழுத்தில் வைத்து அழுத்தினாள்.

“நீ வெக்கல. நான் வெச்சேன். பாவம் வந்தா என் தலையில வரட்டும். மாதா கிட்ட நான் சொல்லிக்கிறேன், உன் அல்லா கிட்ட நீ சொல்லிக்கோ.”

சாயபு கையை எடுக்கவில்லை. பிறகு கண்ணை மூடினார். தலை இடது பக்கம் சாய்ந்தது. கை மெதுவாக நகர ஆரம்பித்து, முதுகைத் தாண்டி, ஓரிடத்தில் நின்றது. கண்ணைத் திறந்தார். நம்பர் சொல்லவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“இந்த எடத்துல இன்னா ஆச்சு சவுரி? சொல்லு. முழுசாச் சொல்லு, கேக்கறேன்.”

சவுரியம்மாள், மாதா சாட்சியாகச் சொன்னபடியே, இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.